நிலத்தடியில் ஒரு சமூக வரலாறு: கல்கத்தா நிலக்கீழ்ப் புகையிரதத்தை நிலையம் நிலையமாக நோக்குதல்

முன்னுரை

திருகோணமலை நகரிலே புகையிரதப் பாதை முடிவடைகின்றது. அங்கிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி ஊடாகக் குச்சவெளிக்கும், அதற்கப்பால் புல்மோட்டைக்கும் செல்வோர் வீதியையே நம்பியிருக்கின்றனர். இருப்புப்பாதை எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதைப் பொறியியலாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய தேவை தேவையெனக் கணிக்கப்பட்டது என்னும் சமூக வரலாற்று வினா அதனுள் அடங்கியுள்ளது.

நமது மாவட்டத்தில் இவ்வினாவுக்கான சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. அதே வங்காள விரிகுடாவின் வடமுனைக்கு அண்மையில், அதே பிரித்தானியப் பேரரசின் துறைமுக நகராக வளர்ந்த கல்கத்தாவிலோ அவை ஒரே பாதையில், நிலத்தின் கீழே, வரிசையாக அமைந்துள்ளன. 2001 முதல் கொல்கத்தா எனப் பெயர் பெற்றுள்ள அந்நகரிலேயே இந்தியாவின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் 1984 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி ஓடத் தொடங்கிற்று.

நிலக்கீழ்ப் புகையிரதங்கள் இன்று பயணிகளுக்குச் சுற்றிக் காட்டப்படும் காட்சிப் பொருள்களாகவும் விளங்குகின்றன. மொஸ்கோ நிலையங்களின் பளிங்குத் தூண்களையும் சரவிளக்குகளையும், லண்டனில் கைவிடப்பட்ட பழைய மேடைகளையும் வழிகாட்டிகள் காட்டி விளக்குகின்றனர். எனினும் வழிகாட்டி காட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையே. தூண் தெரிகின்றது, தூண் நாட்டப்பட்ட இடத்தில் முன்னர் நின்ற வீடு தெரிவதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டுத் தெரிகின்றது. தோண்டியவர் பெயர் தெரிவதில்லை.

இக்கட்டுரை கல்கத்தாவில் முதன்முதல் திறக்கப்பட்ட ஐந்து நிலையங்களினூடாக வாசகரை அழைத்துச் செல்கின்றது. எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், மைதான், ரவீந்திர சதன், நேதாஜி பவன் என்னும் அவ்வைந்தும் 3.4 கிலோமீற்றர் நீளத்துள் அடங்குவன. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வினாவை எழுப்புவோம். யார் கேட்டனர்? எவ்வாறு தோண்டினர்? யாருடைய நிலம்? யாருடைய கை? யார் விலை கொடுத்தனர்? இவ்வினாக்களுக்கான விடைகளைத் திரட்டிக்கொண்டு இறுதியில் திருகோணமலைக்குத் திரும்புவோம்.

பின்னணி: புகையோடு தொடங்கிய பாதை

‘புகையிரதம்’ என்னும் நமது சொல் மின்சாரத்தால் இயங்கும் நிலக்கீழ் வண்டிக்குப் பொருந்தாது எனச் சிலர் கருதலாம். ஆனால் உலகின் முதலாவது நிலக்கீழ்ப் பாதை உண்மையிலேயே புகை நிறைந்த பாதையாக இருந்தது. 1863 ஜனவரி 10 ஆந் திகதி லண்டனில் பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே திறக்கப்பட்ட அப்பாதையில் நீராவி இயந்திரங்களே ஓடின. வீதியைத் தோண்டி, பள்ளத்திலே பாதையை அமைத்து, மேலே மூடிவிடும் ‘வெட்டி மூடும்’ முறையில் அது கட்டப்பட்டது.

அத்திட்டத்துக்காக நெடுங்காலம் வாதாடியவர் லண்டன் மாநகரச் சட்டத்தரணியான சார்ள்ஸ் பியர்சன் ஆவார். நெருக்கடி மிகுந்த சேரிகளில் வாழும் தொழிலாளர் நகரின் புறத்தே நல்ல காற்றில் குடியிருந்து, மலிவான கட்டணத்தில் வேலைக்கு வந்து போகலாம் என்பது அவர் கனவு. பாதை திறக்கப்படுவதற்கு முந்திய ஆண்டில் அவர் காலமானார். தொழிலாளர் நலத்தின் பெயரால் தொடங்கிய அவ்வேலைக்கென முதலில் இடிக்கப்பட்டவை பிளீற் பள்ளத்தாக்கிலிருந்த ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புகளே. நன்மை யாருக்கென்று சொல்லப்படுகின்றதோ அவரே முதலில் இடம்பெயர்க்கப்படுவது நிலக்கீழ்ப் புகையிரத வரலாற்றில் அன்று தொடங்கிய முரண்பாடாகும்.

1890 இல் லண்டனில் ஆழ்சுரங்கத்தில் மின்சார வண்டி ஓடிற்று. 1896 இல் புடாபெஸ்டும், 1900 இல் பாரிசும், 1904 இல் நியூயோர்க்கும், 1913 இல் புவனஸ் அயர்சும் நிலக்கீழ்ப் பாதைகளைப் பெற்றன. ஆசியாவில் தோக்கியோ 1927 இல் இவ்வரிசையில் சேர்ந்தது. தொழில் முதலாளித்துவம் மக்களை நகரங்களில் குவித்தது; குவிந்தவர்களை வேலைத்தலத்துக்குக் கொண்டு சேர்க்கும் வழியாக நிலக்கீழ்ப் பாதை தோன்றிற்று.

காலனித்துவ நாடுகளில் இருப்புப்பாதையின் பணி வேறாக இருந்தது. விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதும், படையை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்வதும் அதன் முதற் கடமைகள். இலங்கையில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கும், 1867 இல் கண்டிக்கும் சென்ற பாதை கோப்பித் தோட்டங்களை நோக்கியே சென்றது என்பதை நாம் அறிவோம். இவ்விரு போக்குகளும் எதிர்ப்பட்ட இடமே கல்கத்தா.

எஸ்பிளனேட்: யார் கேட்டனர்?

எஸ்பிளனேட் நகரின் நடுமையம். ட்ராம் வண்டிகள் கூடிப் பிரிந்த இடமும் இதுவே. கல்கத்தாவில் 1873 இல் குதிரை ட்ராமும் 1902 இல் மின்சார ட்ராமும் ஓடின. புகையிரதமோ நகரின் இரு ஓரங்களில் நின்றுவிட்டது. 1854 இல் தொடங்கிய மேற்குப் பாதை ஹூக்ளி ஆற்றின் மறுகரையிலுள்ள ஹௌராவில் முடிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த பாதை சியல்டாவில் முடிந்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஆறும் ஒரு நகரமும் கிடந்தன. 1874 முதல் மிதவைப் பாலம் ஒன்று இருந்தது. இன்றைய ஹௌராப் பாலம் 1943 இலேதான் திறக்கப்பட்டது.

இவ்விடைவெளியை நிலத்தடியால் நிரப்பும் எண்ணம் 1919 இல் சிம்லாவில் கூடிய சட்டசபையிலே எழுந்தது. லண்டன் ஆழ்சுரங்கப் பாதைகளில் அனுபவம் மிக்க பொறியியலாளரான ஹார்லி டல்றிம்பிள்-ஹே 1921 இல் ஒரு திட்டத்தை வகுத்தளித்தார். ஆற்றின் அடியால் ஹௌராப் பக்கத்தையும் கல்கத்தாவின் கிழக்குப் பகுதியையும் இணைப்பது அதன் நோக்கம். செலவு மிகுதி என்னும் காரணத்தால் அது கைவிடப்பட்டது. இருப்புப்பாதைகளுக்குத் தாராளமாகப் பணம் வழங்கிய ஆட்சி, நகர மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்குப் பணமில்லை என்றது மனங்கொள்ளத்தக்கது. தேயிலைக்கும் சணலுக்கும் வழி கிடைத்திருந்தது. கூலிக்கும் குமாஸ்தாவுக்கும் ட்ராம் போதும் எனக் கருதப்பட்டது.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறிற்று. 1947 பிரிவினையால் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் சியல்டா நிலையத்தின் மேடைகளிலேயே குடியிருந்த காலம் அது. 1949 இல் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு வல்லுநர் குழுவொன்றைக் கொண்டு ஆய்வு நடத்தினார். அதுவும் ஏட்டளவில் நின்றது. 1969 இல் இந்திய இரயில்வேயின் கீழ் மாநகரப் போக்குவரத்துத் திட்டப் பிரிவு அமைக்கப்பட்டது. சோவியத் மற்றும் கிழக்கு ஜேர்மனிய வல்லுநரின் உதவியுடன் 1971 இல் ஐந்து பாதைகளைக் கொண்ட, மொத்தம் 97.5 கிலோமீற்றர் நீளமான பெருந்திட்டம் உருவாயிற்று. அதனுள் டம்டம் முதல் டோலிகஞ்ச் வரையான 16.45 கிலோமீற்றர் வடக்குத் தெற்குப் பாதை 1972 இல் அங்கீகாரம் பெற்றது.

ஆகவே, ‘யார் கேட்டனர்’ என்னும் வினாவுக்கு ஒரு தனிமனிதரின் பெயரை விடையாகத் தர முடியாது. அரை நூற்றாண்டு கேட்டும் கிடைக்காதது, நகரின் நெருக்கடி அரசியல் நெருக்கடியாக மாறிய வேளையிலேதான் கிடைத்தது. வங்காளப் பஞ்சம், பிரிவினை, உணவு இயக்கம், நக்சல்பாரி, 1971 இன் அகதிப் பெருக்கு ஆகியவற்றைக் கண்ட ஒரு நகரை மேலும் அலட்சியம் செய்வது எந்த மத்திய அரசுக்கும் இயலாததாயிற்று.

பார்க் ஸ்ட்ரீட்: எவ்வாறு தோண்டினர்?

எஸ்பிளனேடிலிருந்து தெற்கே செல்லும் பாதை, முன்னர் சௌரங்கி என வழங்கிய அகன்ற வீதியின் கீழே பார்க் ஸ்ட்ரீட்டை அடைகின்றது. பாதை ஏன் பெருவீதிகளின் கீழேயே செல்கின்றது? கட்டுமான முறையே அதற்குக் காரணம்.

கல்கத்தாவின் மண் கங்கைக் கழிமுகத்தின் வண்டல் மண். மென்மையான களியும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்க, சிறிது தோண்டியவுடனேயே நீர் ஊறிவிடும். இத்தகைய மண்ணில் திறந்த பள்ளம் வெட்டினால் பக்கங்கள் சரியும். அருகிலுள்ள கட்டடங்கள் அமிழும். ஆகவே முதலில் வீதியின் இரு ஓரங்களிலும் ஒடுங்கிய ஆழமான அகழிகள் வெட்டப்பட்டன. வெட்ட வெட்ட அவற்றைப் பென்ரனைற்று என்னும் களியின் குழம்பால் நிரப்பினர். அக்குழம்பின் பாரம் அகழியின் பக்கங்களைச் சரியாமல் தாங்கிக்கொள்ளும். பின்னர் இரும்புக் கம்பிக் கூட்டை அதனுள் இறக்கி, அடியிலிருந்து கொங்கிறீற்றை நிரப்பினர். கொங்கிறீற்று மேலெழ மேலெழக் குழம்பு வெளியேறும். இவ்வாறு மண்ணைத் தோண்டுமுன்பே மண்ணினுள் இரு சுவர்கள் எழுந்துவிடும். அதன் பின்னரே இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட மண் அகற்றப்பட்டு, குறுக்கே இரும்பு உத்திரங்கள் முட்டுக் கொடுக்கப்பட்டு, தளமும் கூரையும் இடப்பட்டு, மேலே மண் நிரப்பி வீதி மீண்டும் அமைக்கப்பட்டது.

பாதையின் பெரும்பகுதி இம்முறையால் ஆனது. வடக்கே பெல்காச்சியாவுக்கும் சியாம்பஜாருக்கும் இடையில் புகையிரதப் பணிமனைப் பரப்பும் கால்வாயும் குறுக்கிட்டமையால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு வேறுமுறை கையாளப்பட்டது. உருக்குக் கவசமொன்றை மண்ணினுள் தள்ளிக்கொண்டே முன்னேறுவது அம்முறை. நீர் உட்புகாவண்ணம் சுரங்கத்தினுள் காற்று அழுத்தப்பட்டிருக்கும். தொழிலாளர் அவ்வழுத்தக் காற்றிலே நின்று வேலை செய்து, வெளியே வரும்போது அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். விரைந்து வெளியேறினால் முத்துக்குளிப்போரும் சுழியோடிகளும் அறிந்த அதே வாதநோய் தாக்கும்.

தண்டவாளங்களின் இடையகலம் 1676 மில்லிமீற்றர். இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலமும் இதுவே. பக்கத்தேயுள்ள மூன்றாவது தண்டவாளத்தினூடாக 750 வோல்ற் நேரோட்ட மின்சாரம் வழங்கப்படுகின்றது. முதற் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரிலுள்ள ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. மின்கருவிகள் பெங்களூரிலிருந்து வந்தன. வெளிநாட்டு ஆலோசனை பெறப்பட்டதாயினும், வண்டி தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கைவண்ணமாக அமைந்தது. மேலைநாட்டுப் பெட்டியை முழுமையாக இறக்குமதி செய்யாமல் உள்நாட்டிலே ஆக்கப் பழகிக்கொண்டமை இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க பேறுகளுள் ஒன்றாகும்.

மைதான்: யாருடைய நிலம்?

அடுத்த நிலையத்தின் மேலே விரிந்து கிடப்பது மைதான் என்னும் பெரும் புற்றரை. நகரின் நுரையீரல் என வழிகாட்டிகள் இதனை வருணிப்பர். இவ்வெளி இயற்கையாக அமைந்ததன்று. 1756 இல் சிராஜ் உத் தௌலாவிடம் பழைய கோட்டையை இழந்த ஆங்கிலக் கும்பனி, 1757 பிளாசிப் போரின் பின் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கிற்று. அதற்காகக் கோபிந்தபூர் என்னும் கிராமம் அகற்றப்பட்டது. கோட்டைப் பீரங்கிகளின் குறிக்கு எதுவும் மறைப்பாக இருத்தலாகாது என்பதற்காகச் சூழவுள்ள நிலம் வெறுவெளியாக்கப்பட்டது. இன்றும் அது படைத்துறையின் பொறுப்பிலேயே உள்ளது.

கோட்டைக்காக நிலம் வெறுமையாக்கப்படுவது திருகோணமலையாருக்குப் புதிய செய்தியன்று. 1622 இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதனுள் இன்றும் படையினர் உள்ளனர்.

மைதானின் ஓரத்திலே நிலம் வெறுமையாக இருந்தமையால் தோண்டுதல் ஒப்பளவில் எளிதாயிற்று. ஆனால் நகரின் ஏனைய பகுதிகள் அத்தகையன அல்ல. கல்கத்தாவின் பரப்பில் வீதிகளுக்குரிய பங்கு நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டுவது. டில்லியிலோ அது இருபத்தைந்து சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. மேலே இடமின்மையாலேயே கீழே செல்ல நேர்ந்தது என்பது திட்டமிட்டோரின் வாதம். அவ்வாதம் வலிமையுடையது. ஆயினும் அந்த நான்கு சதவீத வீதியும் வாகனங்களுக்கு மட்டும் உரியதன்று. பிரிவினையின் பின் வந்தவர்களும் வேலையற்றோரும் நடைபாதையிலே கடை விரித்துப் பிழைத்தனர். வீதி வெட்டப்பட்ட ஆண்டுகளிலே அவர்கள் இழந்த வருமானம் எந்தத் திட்டச் செலவுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. பாதை முழுமையடைந்த மறு ஆண்டாகிய 1996 இல், இடதுசாரி அரசாங்கமே நடைபாதை வணிகரைப் பெருமளவில் அகற்றிற்று என்பதை முற்போக்காளர் மறந்துவிடலாகாது.

ரவீந்திர சதன்: யாருடைய கை?

வழிகாட்டிகள் நெடுநேரம் நின்று பேசும் நிலையம் இது. தாகூரின் கையெழுத்துப் பிரதிகளும், எழுத்துகளை அடித்துத் திருத்திய கோடுகளையே உருவங்களாக வளர்த்த அவரது சித்திரங்களும் இதன் சுவர்களை அலங்கரிக்கின்றன. வேலைக்குச் செல்லும் ஒருவர் வண்டிக்காகக் காத்திருக்கும் சில நிமிடங்களில் ஒரு மாகவியின் கையெழுத்தைக் காண்கின்றார். கலையை அருங்காட்சியகத்திலிருந்து மக்கள் நடமாடும் இடத்துக்குக் கொணர்ந்தமை போற்றத்தக்கதே.

இவ்வழகியலுக்கு முன்னோடியாக மொஸ்கோவைக் கூறலாம். 1935 மே 15 ஆந் திகதி திறக்கப்பட்ட அந்நகரின் நிலையங்கள் மக்களின் மாளிகைகள் என்னும் கருத்துடன் அமைக்கப்பட்டன. அரசகுமாரருக்கு உரியவையாக இருந்த பளிங்கும் சரவிளக்கும் தொழிலாளிக்கு உரியவையாயின. ஆனால் அப்பாதைக்கு இருபது ஆண்டுகள் சூட்டப்பட்டிருந்தது அதற்குப் பொறுப்பாயிருந்த தலைவர் ககனோவிச்சின் பெயரே. நாட்டுப்புறத்திலிருந்து வந்த விவசாயிகளும் இளங் கம்யூனிஸ்டுகளும் சேற்றிலும் நீரிலும் நின்று தோண்டியதை, தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசு கூட ஒரு தலைவரின் பெயருள் அடக்கிவிட்டது.

கல்கத்தா நிலையப் பெயர்களை நோக்குமிடத்தும் இதே போக்கைக் காணலாம். கவிகள், விடுதலைத் தலைவர்கள், ஒரு நடிகர் என அவை அமைகின்றன. டோலிகஞ்ச் நிலையம் திரைப்பட நடிகர் உத்தம் குமாரின் பெயரைப் பெற்றுள்ளது. இவர்களெல்லாம் மக்களால் நேசிக்கப்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இயந்திரங்கள் போதாத காலத்தில், கூடைகளிலே மண் சுமந்த ஆண்களையும் பெண்களையும் நினைவூட்டும் நிலையப் பெயர் ஒன்றேனும் இல்லை. அவர்கள் கட்டிய பாதையே அவர்களின் நினைவுச் சின்னம் என ஆறுதல் கூறுவது எளிது. ஆனால் வரலாற்று மாணவர் அந்த ஆறுதலோடு நின்றுவிட முடியாது. ஒப்பந்தக்காரரின் கூலிப் பதிவேடும், விபத்து அறிக்கையும், வேலை செய்தோரின் வாய்மொழியும் தாகூரின் கையெழுத்துப் பிரதியைப் போலவே பேணப்பட வேண்டிய ஆவணங்களாகும்.

நேதாஜி பவன்: யார் விலை கொடுத்தனர்?

முதற் கட்டப் பாதை இங்கே முடிந்தது. அருகிலுள்ள எல்ஜின் வீதி இல்லத்திலிருந்தே 1941 ஜனவரியில் சுபாஸ் சந்திர போஸ் வீட்டுக் காவலை மீறி வெளியேறினார். அப்பெயரால் நிலையம் அழைக்கப்படுகின்றது.

1972 டிசெம்பர் 29 ஆந் திகதி இத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியவர் இந்திரா காந்தி. பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சிறிது குறைவான காலத்தின் பின், 1984 ஒக்டோபர் 24 இல் இந்த 3.4 கிலோமீற்றர் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரத்தின் பின் அவர் கொலையுண்டார். அதே ஆண்டு நவம்பரில் வடக்கே டம்டமுக்கும் பெல்காச்சியாவுக்கும் இடையில் மற்றொரு துண்டும், 1986 இல் டோலிகஞ்ச் வரையான தெற்குப் பகுதியும் திறக்கப்பட்டன. முழுப் பாதையும் ஒன்றாய் இணைந்தது 1995 செப்டெம்பர் 27 இலேயே. அடிக்கல் நாட்டப்பட்டபோது பிறந்த குழந்தை பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வயதை அடைந்திருந்தது.

தொடக்கத்தில் ஏறக்குறைய 140 கோடி ரூபா என மதிப்பிடப்பட்ட செலவு பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. நிதி ஆண்டுதோறும் சிறு சிறு துண்டுகளாகவே கிடைத்தமையும், நிலத்தடியிலிருந்த பழைய நீர்க்குழாய், கழிவுக்குழாய், மின்வடம் ஆகியவற்றுக்கான செம்மையான வரைபடங்கள் இல்லாமையும் தாமதத்துக்குக் காரணங்களாயின. தாமதமே செலவாகவும் மாறிற்று.

இப்பணத்தை ட்ராமுக்கும் பேரூந்துக்கும் செலவிட்டிருந்தால் நகரம் முழுவதும் பயன்பெற்றிருக்கும் என்பது அன்று எழுந்த கண்டனம். இதனைப் புறக்கணிக்க முடியாது. ஐந்து பாதைகளுக்குத் திட்டமிட்டு ஒன்றையே கட்டிய நகரம், அதனைக் கட்டிய காலத்தில் தன்னிடமிருந்த ட்ராமை நலிய விட்டது. 2024 செப்டெம்பரில் மேற்கு வங்க அரசு ட்ராம் சேவையை நிறுத்தி, எஸ்பிளனேடுக்கும் மைதானுக்கும் இடையிலான ஒரு துண்டை மட்டும் மரபுச் சின்னமாக வைத்திருக்கப் போவதாக அறிவித்தது. மக்களின் அன்றாட வாகனமாயிருந்த ட்ராம் இறுதியில் உல்லாசப் பயணியின் காட்சிப் பொருளாகச் சுருங்குவதை இவ்வறிவிப்பில் காண்கின்றோம்.

மறுபக்கத்தையும் சீர்தூக்குதல் வேண்டும். இப்பாதை இலாபத்துக்காகக் கட்டப்படவில்லை. கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருந்தமையால் நெடுங்காலம் வரவிலும் செலவு கூடியதாகவே அது இயங்கிற்று. கணக்கர் இதனை நட்டம் என்பர். ஆனால் மாணவரும் கடைச் சிப்பந்தியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறைந்த கூலியுடன் விரைந்து செல்ல முடிவது சமூகத்துக்குக் கிடைக்கும் வரவாகும். அவ்வரவை எந்த நிறுவனத்தின் ஐந்தொகையிலும் காண முடியாது.

ஏழை நாட்டின் நகரம் நிலத்தைத் தோண்டலாமா என்னும் வினாவுக்கு, தோண்டலாம் என்பதே எமது விடை. ஆனால் அதன் முழு விலையும் யாரால் செலுத்தப்பட்டது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் கடப்பாடு தோண்டியவர்களுக்கு உண்டு.

மீண்டும் எஸ்பிளனேட்: ஆற்றின் கீழே

திரும்பும் வண்டி எம்மை எஸ்பிளனேடில் இறக்குகின்றது. இன்று அங்கு மற்றொரு பாதை குறுக்கிடுகின்றது. 1921 இல் கைவிடப்பட்ட கிழக்கு மேற்குப் பாதை என்னும் எண்ணம், வேறு வடிவில் 2009 இல் வேலையாகத் தொடங்கிற்று. ஹூக்ளி ஆற்றின் அடியில் ஏறக்குறைய 520 மீற்றர் தூரத்துக்கு இரட்டைச் சுரங்கங்கள் துளைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் ஹௌரா மைதான் முதல் எஸ்பிளனேட் வரையான பகுதி திறக்கப்பட்டபோது இந்தியாவில் முதன்முறையாக ஒரு பேராற்றின் கீழ்ப் புகையிரதம் ஓடிற்று. இடையிலிருந்த சியல்டா - எஸ்பிளனேட் பகுதி 2025 ஓகஸ்டில் திறக்கப்பட, ஹௌராவும் சியல்டாவும் நிலத்தடியால் இணைந்தன. முதற் திட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

அவ்விடைப் பகுதி ஏன் தாமதித்தது? 2019 ஓகஸ்ட் 31 ஆந் திகதி பௌபஜார் பகுதியிலே சுரங்கம் துளைக்கும் இயந்திரம் நீர் தாங்கும் மண்படையொன்றைத் தாக்கியது. நீரும் மணலும் சுரங்கத்தினுள் பாய, மேலே மண் அமிழ்ந்தது. துர்கா பிதுரி சந்திலும் அயலிலும் பழைய வீடுகள் வெடித்துச் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த உடையுடன் வெளியேற்றப்பட்டு விடுதிகளிலே தங்கவைக்கப்பட்டனர். 2022 இலும் அங்கே மீண்டும் வெடிப்புகள் தோன்றின. அது பொற்கொல்லரும் நகைத் தொழிலாளரும் செறிந்த இடம். வீடே பட்டறையாகவும் இருந்தமையால் வீட்டை இழந்தவர் தொழிலையும் இழந்தனர்.

1860 களில் பிளீற் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது 2019 இல் பௌபஜாரில் நிகழ்ந்தது. தொழில்நுட்பம் மாறியுள்ளது, இழப்பைத் தாங்குவோரின் சமூக நிலை பெரிதும் மாறவில்லை. ஆற்றைக் கடந்த சாதனையைக் காட்டும் வழிகாட்டி, இச்சந்துக்கும் பயணிகளை அழைத்துச் செல்வாராயின் அவரது விளக்கம் முழுமையுறும்.

திருகோணமலையை நோக்கி

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 இல் முழுமையடைந்தது. கிழக்கே 1927 இல் திருகோணமலைக்கும் 1928 இல் மட்டக்களப்புக்கும் இருப்புப்பாதை வந்தது. கல் ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வரும் பாதையின் ஓரத்தே, உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இத்துறைமுகத்தின் மீதே. 1957 ஒக்டோபர் 15 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 தாங்கிகளும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இரண்டினதும் கூட்டு நிறுவனத்துக்கு 61 எனப் பங்கிடப்பட்டன. துறைமுகம் இல்லாதிருந்தால் இப்பாதை எங்கே முடிந்திருக்கும் என்பது சிந்திக்கற்பாலது.

துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள குச்சவெளிப் பிரதேசத்தின் நிலையை இதனோடு ஒப்பிடலாம். அப்பிரதேசத்திலுள்ள புல்மோட்டையின் இல்மனைற்று மணலுக்கென 1957 இலேயே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. மணல் கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் சென்றது. ஆனால் மீனையும் வெங்காயத்தையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குச்சவெளியாருக்கு இறக்கக்கண்டிக் கழிமுகத்தின் மேலான இன்றைய பாலம் 2009 இலேதான் கிடைத்தது. கனிமத்தின் பயண வேகமும் மக்களின் பயண வேகமும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குச்சவெளிக்கு நிலக்கீழ்ப் புகையிரதம் வேண்டுமென எவரும் கேட்கப் போவதில்லை. கொழும்பிலேயே யப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு இரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. செலவுக்கேற்ற பயன் இல்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1920 களிலே கல்கத்தாவுக்குக் கூறப்பட்ட மறுமொழியும் அதுவேதான். அம்மறுமொழி சரியா பிழையா என்பதைத் தீர்மானிக்குமுன், பயன் யாருடைய பயன், செலவு யாருடைய செலவு என்று கேட்டல் வேண்டும்.

கல்கத்தாவின் ஐந்து நிலையங்களிலும் எழுப்பிய ஐந்து வினாக்களும் எந்தப் பாதைக்கும், எந்தப் பாலத்துக்கும் பொருந்தும். யார் கேட்டனர், எவ்வாறு அமைத்தனர், யாருடைய நிலம், யாருடைய கை, யார் விலை கொடுத்தனர் என்பன அவை. நிலாவெளியில் இயங்கும் திருகோணமலை வளாகத்தின் மாணவர், 1927 இன் இருப்புப்பாதை தொடக்கம் குச்சவெளி வீதி வரை இவ்வினாக்களோடு ஒரு பயணம் செல்வாராயின், ஆவணக் காப்பகங்களில் மட்டுமன்றி முதியோரின் நினைவிலும் சான்றுகளைக் காண்பர். முதியோர் மறைய மறைய அச்சான்றுகளும் மறைகின்றன. பாதைகளின் வரலாற்றை அவற்றைத் திறந்து வைத்தோரின் பெயர்ப்பலகையிலிருந்து மீட்டு, அவற்றில் நடந்தோரிடமும் அவற்றுக்காக இடம்பெயர்ந்தோரிடமும் சேர்ப்பது காலந்தாழ்த்தக் கூடாத பணியாகும்.